மாஸ்டரின் குரலும் பக்கத்து வீட்டு பிஸ்கட் டப்பாவும்

ராபர்ட்சன்பேட்டைக் கம்ப்யூட்டர் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், போன வாரம் நான் சார்ஜர் மாற்ற வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார். "மேடம், வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த பேக்கப் பெஸ்ட்? ஹார்ட் டிஸ்கா, பென் டிரைவா, கிளவுடா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார். கவுன்டரில் ஒரு கஸ்டமர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரே வார்த்தையில் எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் ஆண்டர்சன்பேட்டைக்கே தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செத்துப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவல்களை மீட்டெடுக்கும் ஒரு சின்ன லேபில், பெங்களூரில், ரிட்டயர் ஆகும் வரை வேலை பார்த்தேன். காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிற பிழைப்பு. எந்த சாஃப்ட்வேரில் எந்த பட்டனை அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதை நான் சொல்ல வந்தால் சிரிப்பீர்கள். எனவே, நான் ரிட்டயர் ஆன பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ரோஸ்லின் என் ரயில் சிநேகிதி. பெண்கள் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி பூ கட்ட, இன்னொருத்தி தூங்கிவழிய, அப்படியே பல வருடங்கள் ஓடின. அவள் கணவர் ஐசக் மாஸ்டர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். அவர் பாடம் நடத்தினால் தெருமுனை வரை கேட்கும். திட்டினால் அதற்கும் அப்பால் கேட்கும். சர்ச்சில் அவர் பாட ஆரம்பித்தால் ஆர்மோனியம் வாசிப்பவர் தன் வாசிப்பைக் கேட்க முடியவில்லை என்று கோபித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்று வேலூர் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ரோஸ்லின் ஒரு காரியம் செய்தாள். ஒரு மைக் வாங்கி வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டி, அவர் அன்றாடம் பேசுகிற வாக்கியங்களையெல்லாம் அவர் குரலிலேயே பதிவு செய்தாள். இவள் ஒன்று சொல்வாள், அவர் அதைத் தன் பாணியில் சொல்வார். "ரோஸி, காபி" என்பதில் ஆரம்பித்து, "இன்னாடா, ஸ்டெப்ப தாண்டிகினு போற? ரயிலு போயிடுமா?" என்று பிள்ளைகளைத் திட்டுவது வரை எல்லாம் அதில் உண்டு.

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் பதிவாகவில்லை. அதை ரோஸ்லின் எனக்கு ரயிலில் கோபமாகச் சொன்னாள். "'நீ சமைச்சது நல்லா கீது'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னேன். பாதில சிரிச்சிட்டாரு. திரும்பச் சொல்லுங்கன்னேன், திரும்பவும் சிரிப்பு. எத்தினி வாட்டி எடுத்தாலும் அதே கதெ. கோவத்துல அந்த ஒண்ண மட்டும் மொத்தமா அழிச்சிட்டேன் சரளா."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாஸ்டர் பிழைத்தார், குரல் போய்விட்டது. பிறகு அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வேண்டிய வாக்கியத்தைத் தேடி அமுக்குவார். ஸ்பீக்கரில் அவர் குரல் வரும். நின்றுபோன டியூஷன் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். திட்டு வாங்குவதற்கென்றே வருகிறார்கள் என்று ரோஸ்லின் சொல்வாள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த கம்ப்யூட்டரில் வேறு என்னென்னவோ இருந்தது. வினாத்தாள்கள் இருந்தன, அவற்றை மறுபடி டைப் செய்யலாம். கல்யாணப் போட்டோக்கள் இருந்தன, சொந்தக்காரர்கள் யாரிடமாவது கிடைக்கும். புரோகிராம்களைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மாஸ்டரின் குரலை மட்டும் இந்த உலகத்தில் யாராலும் மறுபடி பதிவு செய்ய முடியாது. பேக்கப் கேட்டு வருகிறவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது டிஸ்க் எத்தனை டெராபைட் என்பதல்ல. எது போனால் உங்களுக்குத் திரும்ப வராது என்று கேளுங்கள். பல பேர் அப்போதுதான் முதன்முறையாக அதை யோசிப்பார்கள்.

ரோஸ்லின் அதை யோசித்தவள். எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்தாள். கிளவுடில் போடச் சொல்லி அவள் மகள் சொன்னபோது இவள் ஒப்புக்கொள்ளவில்லை. "இவரு குரல எவனாவது எடுத்து, எம் பொண்ணுக்கு போன் போட்டு அப்பா பேசறேன்னு ஏமாத்தினா இன்னா பண்றது?" என்றாள். இந்தக் காலத்தில் அது வீண் பயம் இல்லை. இப்படிச் சொல்கிற கஸ்டமரைப் பார்த்து நீங்கள் உதட்டைப் பிதுக்கக் கூடாது. அப்லோடு செய்வதற்கு முன்பே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடலாம் என்று உட்கார்ந்து விளக்க வேண்டும். அவளுக்கு அப்போது அப்படி யாரும் விளக்கவில்லை.

பிரதி எடுத்தாயிற்று, அதை எங்கே வைப்பது? கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டிலேயே வைத்தால் திருடன் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் நம் ஊரில் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். தங்கச் சுரங்கம் ஓடிய நாளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுரங்கம் மூடி, ஜனங்கள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓட ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாவி, சிலிண்டர் புக், ஊருக்குப் போனால் மீன் தொட்டி, எல்லாம் பக்கத்து வீடுதான். ரோஸ்லின் வீட்டுக்குப் பக்கத்து வீடு செல்வி. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்பவள், தங்கமான மனுஷி. டிஸ்க்கை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பரணில், நடுச்சுவர் ஓரமாகப் பத்திரமாக வைத்தாள்.

வேறு ஊராக இருந்தால் அது நல்ல யோசனைதான். ஆனால் நம்முடையவை லைன் வீடுகள். வரிசை முழுக்க ஒரே கூரை, இடையில் ஒரு சுவர், அவ்வளவுதான். வாசற்படி வேறாக இருப்பதால் வீடும் வேறு என்று நமக்கு ஒரு நினைப்பு. பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டதால் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

மாஸ்டரும் ரோஸ்லினும் செக்கப்புக்காக வேலூர் போயிருந்த அன்று நல்ல காற்று மழை. பின்னாலிருந்த தைல மரத்தின் பெரிய கிளை முறிந்து, சரியாக அந்த நடுச்சுவருக்கு மேலே கூரையில் விழுந்தது. ஷீட் நொறுங்கி இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் கொட்டியது. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் மேசை. அந்தப் பக்கம் பரண். வெறும் மழைத் தண்ணீர்கூட இல்லை. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு நம் ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். அங்கிருந்து பறந்து வந்து கூரையில் படிந்திருந்த சாம்பல் நிறப் பொடி முழுவதும் தண்ணீரோடு கரைந்து இறங்கியது. மூடி சரியாகப் பொருந்தாத பிஸ்கட் டப்பாவில் அது விளிம்பு வரை நின்றது.

வேலூரிலிருந்து திரும்பியதும், மறுநாள் மதியம், ரோஸ்லின் எனக்குப் போன் செய்தாள். "சரளா, வா" என்றாள், வைத்துவிட்டாள்.

போனபோது வாசலில் பாதி லைன் கூடியிருந்தது. உள்ளே சேற்றுத் தண்ணீரைத் தள்ளி முடித்திருந்தார்கள். வயர்மேன் ஒருவர் கரண்ட் லைனைச் சரிசெய்துவிட்டு, கம்ப்யூட்டரின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் அவர் பக்கத்தில் நின்று, போடுங்க என்று கையால் சைகை செய்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம். வெளிய நல்லா தொடச்சாச்சு. ஒரு வாட்டி ஆன் பண்ணிப் பாத்துடலாமா? ஓடினா ஓடுது" என்றார் வயர்மேன்.

"இருங்க அண்ணா, அத கீழ வைங்க" என்றேன்.

செல்வி ஒரு மூலையில் முகம் வீங்கி நின்றாள். அவளிடம் இருந்த பிரதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுதுவிட்டாள். "டப்பா பூரா தண்ணிக்கா. ஊத்திட்டு வெயில்ல வெச்சேன். போனு நனைஞ்சா அரிசில போடுவாங்களே, அப்படி அரிசில போட்டேன். நல்லா காஞ்சிடுச்சி. இவங்க வர்றதுக்குள்ள சரியா கீதான்னு பாத்துடலாம்னு எங்க டிவில சொருகினேன். டக் டக்னு சத்தம் வந்துச்சி, அப்பால ஒண்ணுமே வரல."

மாஸ்டரிடம் அப்போது இருந்தது ஒரு சிலேட்டும் ஒரு பழைய போனும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தேவைப்படும் என்று ரோஸ்லின் அந்தப் போனில் மூன்றே வாக்கியங்களைப் போட்டு வைத்திருந்தாள். "தண்ணி வேணும்." "வேணாம்." "வலிக்குது." மனுஷனின் மொத்தப் பேச்சும் அந்த மூன்றில் வந்து நின்றிருந்தது.

அவர் சிலேட்டில் "போடு" என்று பெரிதாக எழுதி என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

நான் அப்போது என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால், அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. லேபில் எனக்குப் பக்கத்து மேசை. என்னைவிட வயதில் சின்னவர், வேலையில் எனக்கு மூத்தவர், மண்டியா பக்கத்துக் கன்னடக்காரி. செத்த டிஸ்க் ஒன்று மேசைக்கு வந்தால் அவர் முதலில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். எங்களையும் அப்படி வைக்கச் சொல்வார். "ஸ்வல்ப தடீரி" என்பார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். டிஸ்க் செத்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை அதற்கு என்னென்ன நடந்தது, யார் யார் கை வைத்தார்கள் என்று முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை கை மடியைவிட்டு வரக் கூடாது. எதிரே கஸ்டமர் அழுதுகொண்டிருப்பார். ஏதாவது செய்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம் கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பில்தான் பாதி டிஸ்க்குகள் சாகின்றன என்று அவர் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கோயில் பூஜை மாதிரி என்ன இது என்று ரயிலில் ரோஸ்லினிடமே கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த ஈர வீட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். மழைக்குப் பிறகு கம்ப்யூட்டரை யாராவது ஆன் செய்தார்களா என்று கேட்டேன். இல்லை, இந்த வீட்டுக்கு இப்போதுதான் கரண்டே வந்தது என்றாள் ரோஸ்லின். மழை பெய்தபோது அது ஓடிக்கொண்டிருந்ததா? இல்லை, ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போனோம் என்றாள். அந்த ஒரு பதிலில் எனக்கு உயிர் வந்தது.

"அப்படின்னா இத இங்க போடவே கூடாது" என்றேன்.

மாஸ்டர் சிலேட்டைத் தட்டினார். நான் தலையாட்டி மறுத்தேன். டிஸ்க்குக்குள்ளே தட்டு சுழலும், அதன் மேல் ஒட்டாமல் ஒரு ஊசி ஓடும், நடுவில் இந்த மண்பொடி இருந்தால் ஒரே சுற்றில் உங்கள் குரலைச் சுரண்டி எடுத்துவிடும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்து அமுக்கினார்.

"வலிக்குது" என்றது அவர் குரல்.

வயர்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே, ஒருவேளை ஓடிவிட்டால் என்று எனக்கே தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். மடியிலிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "தெரியும் மாஸ்டர், ஆனாலும் போட மாட்டேன்" என்றேன். அவர் என் மேல் கோபமாக உள்ளே போய்விட்டார்.

ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கை எடுத்தேன். துடைக்கவில்லை, உலர்த்தவில்லை. ஒரு ஈரத் துணியைச் சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் போகாமல் ஒட்டினேன். "இன்னாடி, ஈரத்தோடயேவா?" என்று ரோஸ்லின் பதறினாள். உலர்ந்தால் பொடி தட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழுவினாலும் வராது, லேபில் கழுவி எடுக்கும் வரை ஈரமாக இருப்பதுதான் நல்லது என்றேன். சொன்ன பிறகுதான் செல்வி கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வெயிலிலும் அரிசியிலும் தான் உலர்த்தியது எதைச் செய்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. "நான்தான் கொன்னுட்டேன்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீயும் குடு செல்வி, ரெண்டையும் எடுத்துகினு போறேன்" என்றேன்.

அன்றே ரயிலேறினேன். ரிட்டயர் ஆன பிறகு அந்த லேபின் படியில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மண்டியாக்காரிதான் இப்போது அங்கே எல்லாம். என்னைப் பார்த்ததும் காபி சொன்னார், கவரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை அசையவில்லை. செல்வியின் டிஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு, தட்டு முழுக்கக் கீறல், இது தேறாது என்று அப்போதே சொல்லிவிட்டார். மற்றதற்கு, "ஸ்வல்ப தடீரி" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

காத்திருந்த நாட்களில் மாஸ்டர் வீட்டுக்குப் போய் வந்தேன். என் மேல் இருந்த கோபம் அவருக்குத் தணிந்திருந்தது. அந்த மூன்று வாக்கியங்களைக் கொண்டே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். காபி வேண்டுமென்றால் "தண்ணி வேணும்". கடன் கேட்டு உறவினர் வந்தால் "வேணாம்". டியூஷனில் ஒரு பெண் தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டு நோட்டை நீட்டினாள். மாஸ்டர் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போனை அமுக்கினார். "வலிக்குது." பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மாஸ்டரின் தோளும் குலுங்கியது, வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. குரல்வளையை எடுத்தவர்களுக்குச் சிரிப்பிலும் சத்தம் வராது. வாசற்படியில் நின்றிருந்த ரோஸ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

கடைசியில் லேபிலிருந்து போன் வந்தது. தட்டைக் கழுவி, அப்படியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலில்தான் வேலை பார்த்திருக்கிறார். மூலத்தை அதற்கு மேல் தொடவில்லை. பெரும்பாலும் வந்துவிட்டது, சில வாக்கியங்கள் போய்விட்டன, ஃபைல்களின் பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக இருக்கின்றன என்றார். அவர் தொடர்ந்தார். "முன்னாடி அழிச்சுப் போட்டதும் நிறைய மேலே வந்திருக்கு சரளா. அந்த டிஸ்க்கில் அதிகம் எதுவும் எழுதவில்லை போல. எல்லாம் பாதிப் பாதி, இருமல், உளறல். அந்தக் குப்பையை நீக்கிவிட்டு நல்லதை மட்டும் தரட்டுமா? அவர்களுக்குச் சுலபமாக இருக்கும்."

சுலபமாகத்தான் இருக்கும். பெயரில்லாத ஃபைல்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைக்க வேண்டியது நாங்கள்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எது குப்பை என்று எங்கள் இரண்டு பேருக்கும் எப்படித் தெரியும் என்று அதற்குள் தோன்றிவிட்டது. "ஸ்வல்ப தடீரி" என்றேன். எத்தனையோ வருடம் அவர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்தப் பக்கம் பலமாகச் சிரித்தார். எல்லாவற்றையும் கொடுத்தார்.

மாஸ்டர், ரோஸ்லின், நான், மூன்று பேரும் புது டிஸ்க் மாட்டிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். முதல் ஃபைலைத் திறந்தேன். "ஏம்மா, பிளஸ்ஸுக்கு பதிலா மைனஸ் போட்டா உங்கப்பா வந்து கழிச்சுக் குடுப்பாரா?" என்று மாஸ்டரின் குரல் வீடு முழுக்க அதிர்ந்தது. ரோஸ்லின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்துக்கொண்டே போனோம். "ரோஸி" என்று தனியாகக் கூப்பிடுவது கிடைக்கவில்லை. "ரோஸி, காபி" இருந்தது. காபியை வெட்டிவிட்டு ரோஸியை எடுத்துக்கொண்டோம். "ஆமா, இத்தினி வருசமா என்னைக் காபியோட சேத்துத்தான கூப்பிட்டாரு" என்றாள் அவள். அவளுக்குப் பழைய வாய் திரும்பியிருந்தது.

அடுத்து ஒரு ஃபைல். முதலில் ரோஸ்லினின் குரல், "ம், சொல்லுங்க." பிறகு மாஸ்டர், வெகு மரியாதையாக, "நீ சமைச்சது நல்..." அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற, மூச்சு முட்டி, அடங்கி, மறுபடி கிளம்புகிற அவருடைய பழைய சிரிப்பு. நடுவில் ரோஸ்லின், "இன்னா சிரிப்பு இது, ஒழுங்கா சொல்லுங்க" என்று அதட்டுகிறாள். அந்த அதட்டலில் சிரிப்பு இன்னும் பெரிதாகிறது.

மாஸ்டர் கையை நீட்டி அதையே மறுபடி போட்டார். ரோஸ்லின் அழுதாள். "நான் அழிச்சது சரளா. கோவத்துல நான் அழிச்சது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம் அழுகையும் சிரிப்புமாக அவர் முதுகில் ஒரு அடி போட்டாள். "கடைசி வரைக்கும் நல்லா கீதுன்னு சொல்லவே இல்ல பாரேன் இந்த மனுசன்."

வேலையில் நான் சம்பாதித்தது என்ன என்று என்னை யாராவது கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். அதற்கு மண்டியாக்காரிக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. போன் செய்து அந்த ஃபைலைப் போட்டுக் காட்டினேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒழுங்காக ஒரு ஏற்பாடு செய்தோம். கம்ப்யூட்டரில் ஒன்று. வெளியே ஒரு டிஸ்க், எழுதும் நேரம் தவிர அதைக் கம்ப்யூட்டரில் மாட்டியே வைப்பதில்லை. அது பூதிகோட்டையில் ரோஸ்லினின் தங்கை வீட்டுக்குப் போகிறது. வேறு ஊர், வேறு கூரை, வேறு மழை. கிளவுடில் ஒன்று, மேலே ஏறுவதற்கு முன்பே பூட்டி ஏற்றுகிறோம். பாஸ்வேர்டு ரோஸ்லினுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும், எனக்குக்கூடத் தெரியாது. மாதம் ஒரு தடவை, ஏதாவது ஒரு பிரதியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அது எந்த வாக்கியம் என்பது மாஸ்டரின் இஷ்டம். பெரும்பாலும் யாரையாவது திட்டுகிற வாக்கியமாகத்தான் இருக்கும். திரும்ப எடுத்துப் பார்க்காத வரை பிரதி இருக்கிறது என்று நம்பாதீர்கள். இவ்வளவுதான் நீங்கள் என்னிடம் கேட்டதற்கு பதில். சாமான்கள் வருடா வருடம் மாறும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு பிரதி இருக்கிறது. தொழில் கணக்குப்படி அது தேவையில்லை என்றுதான் நான் சொன்னேன். மாஸ்டர் கேட்கவில்லை.

கூரை போட்ட பிறகும் செல்வி அந்த வீட்டுக்கு வராமலே இருந்தாள். ரோஸ்லின் கொடுத்த சாவியைக்கூட வாங்க மறுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும், மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அங்கே இருந்தேன். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். மேசை மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. புதுசு, மூடி இறுக்கமானது. உள்ளே பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு சின்ன டிஸ்க். மாஸ்டர் அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

செல்வி பின்னால் நகர்ந்தாள். "வேணாம் மாஸ்டர். இனிமே உங்க ஊட்டு சாமான் எதையும் நான் வாங்கி வெக்க மாட்டேன். என் கை ராசியில்லாத கை."

மாஸ்டர் டப்பாவை அவள் கையில் திணித்தார். பிறகு சிலேட்டில் எழுதி அவளுக்குக் காட்டினார். "என்னை டிவியில மட்டும் போடாதே."

செல்வி படித்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தாள். மாஸ்டர் திரும்பி கம்ப்யூட்டரை அமுக்கினார். அந்தப் பழைய சிரிப்பு ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, திறந்திருந்த வாசல் வழியாக லைன் முழுக்கப் போனது. செல்வி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்பீக்கர் நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை.